காடு மாதிரி அடர்ந்த நகரப் பூங்கா: 8 பேர், 3 தடங்கள், 4 மணி நேரம். எதை எடுப்பது?

பொன்வண்டு (கேள்வி)

வணக்கம். நகரத்துக்குள்ளேயே இருக்கும், மரங்கள் அடர்ந்த பெரிய பூங்கா ஒன்றுக்கு எட்டுப் பேராகப் போகிறோம். முழங்கால் வலி உள்ள அம்மா (68), தள்ளுவண்டியில் ஒன்றரை வயதுக் குழந்தை, 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு வாண்டுகள், நன்றாக நடக்கும் பெரியவர்கள் நாலு பேர்.

பூங்கா வரைபடத்தில் மூன்று சுற்றுத் தடங்கள் போட்டிருக்கிறார்கள்: 1.8 கி.மீ. (சுலபம்), 4 கி.மீ. (நடுத்தரம்), 6.4 கி.மீ. (கடினம், மொத்த ஏற்றம் 140 மீட்டர்). மதியம் 2 மணிக்குப் போய்ச் சேர்வோம், வாயிலை 6 மணிக்கு மூடுகிறார்கள்.

6.4 கி.மீ. தானே, 4 மணி நேரம் தாராளமாகப் போதும் என்று வீட்டில் ஒரு கட்சி. போதுமா? தள்ளுவண்டி போகும் பாதையா என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா? போனில் மேப் இருந்தால் வழி தவறாது அல்லவா? உண்ணி, மழை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வழித்துணை

முழுக் கூட்டத்தோடு 6.4 வேண்டாம். உங்கள் வீட்டுக் கட்சி நன்றாக நடப்பவரின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் கொடுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மணிக்கு சுமார் 5 கி.மீ. நடை, அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம் கூடுதல். அதாவது 100 மீட்டர் ஏறினால் 10 நிமிடம். உங்கள் பெரிய தடத்துக்கு 77 + 14, ஆக 91 நிமிடம். நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கு இது சரி.

6 வயதுக் குழந்தை, வேரும் சருகுமாகக் கிடக்கும் மண்தடத்தில் மணிக்கு 2.5 கி.மீ. போனாலே நல்ல நடை. கூட்டத்தின் வேகம் என்பது கடைசி ஆளின் வேகம். 6.4 கி.மீ.க்கு 154 நிமிடம், ஏற்றத்துக்கு 14, மணிக்கு 10 நிமிடம் வீதம் நிற்பதற்கு 30. இதுவே 3 மணி 18 நிமிடம் ஆகிறது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து தடம் தொடங்கும் இடம் வரைக்கும் ஒரு தூரம் இருக்கும், அதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. போக 15, வர 15 வைத்தால் 3 மணி 48 நிமிடம். கையில் மிஞ்சுவது 12 நிமிடம். ஒரு செருப்பு வார் அறுந்தால் தீர்ந்தது.

ஏற்றம் விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. சில வரைபடங்களில் உச்சப் புள்ளிக்கும் தாழ்ந்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் 'ஏற்றம்' என்று போட்டிருப்பார்கள். 35 மீட்டர் ஏறி இறங்கி, மறுபடி 35 ஏறி இறங்கி என்று நாலு தடவை போனால் கால் ஏறியது 140 மீட்டர். வரைபடமோ 35 என்று சொல்லும். உங்களுடையதில் 'மொத்த ஏற்றம்' என்றே இருப்பதால் பிரச்சினை இல்லை.

'6 மணிக்கு மூடுவார்கள்' என்பதையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடைசி வண்டி வெளியேற வேண்டிய நேரமா, உள்ளே விடுவதை நிறுத்தும் நேரமா? பெரிய பூங்காக்களில் எல்லா வாயில்களும் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. கழிப்பறையை வாயிலுக்கு முன்னாலேயே பூட்டிவிடும் இடங்களும் உண்டு. பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும், இணையத்தில் பழைய நேரமே கிடக்கும்.

என் யோசனை இரண்டு அணி. அம்மாவும் தள்ளுவண்டியும் இரண்டு பெரியவர்களோடு 1.8. வாண்டுகள் இருவரும் மற்ற இரண்டு பெரியவர்களோடு 4 கி.மீ. இதே கணக்கில் 4 கி.மீ.க்கு ஏறத்தாழ 2 மணி நேரம், 2:15-க்குத் தொடங்கினால் 4:15. பாதி வழியில் குறுக்கே திரும்பி வர ஒரு கிளைப்பாதை இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்து, அந்த இடத்துக்கு ஒரு நேரத்தைக் குறித்துவிடுங்கள். 3:30-க்குள் அங்கே போகவில்லையென்றால் கேள்வியே இல்லாமல் திரும்பல். இதை வீட்டிலேயே முடிவு பண்ண வேண்டும். அங்கே நின்று வாக்கெடுப்பு நடத்தினால் எப்போதும் 'இன்னும் கொஞ்சம் போகலாம்' கட்சிதான் ஜெயிக்கும்.

சரளைக்கல்

தள்ளுவண்டிக் கேள்விக்கு மட்டும் சொல்றேன். 'சுலபம்'னு போட்டிருக்கறத நம்பாதீங்க. அது நடக்கறவங்களுக்குச் சுலபம். ஆறே ஆறு படி இருந்தாலும் அது சுலபத் தடம்தான், ஆனா வண்டிக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சு.

பார்க்க வேண்டியது நாலு: சரிவு, தரை, அகலம், நுழைவு.

சரிவு: வண்டியைத் தள்ளிட்டுப் போக 5 சதவீதம் வரைக்கும் சிரமம் தெரியாது. 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறுதுன்னு அர்த்தம். 8 சதவீதத்துக்கு மேல போனா ஏத்தும்போது மூச்சு வாங்கும், இறக்கும்போது வண்டி நம்மை இழுக்கும். கட்டட வாசல்ல போடற சக்கர நாற்காலிச் சரிவுக்கே பல இடத்தில 12-க்கு 1தான் எல்லை, அது 8.3 சதவீதம். இதை வரைபடத்திலேயே அளக்கலாம். 1:25,000 அளவுகோல் இருந்தா 4 மி.மீ. என்பது தரையில 100 மீட்டர். சமஉயரக் கோடு (ஒரே உயரத்துல இருக்கற இடங்களைச் சேர்த்துப் போடற கோடு) 5 மீட்டருக்கு ஒண்ணு போட்டிருந்தா, தடம் வெட்டுற இரண்டு கோட்டுக்கு நடுவுல 4 மி.மீ.க்கு மேல இடைவெளி இருக்கணும். அதைவிட நெருக்கமா இருந்தா 5 சதவீதத்தைத் தாண்டிருச்சு. ஆனா கோட்டு இடைவெளி எத்தனை மீட்டர்னு ஓரத்துல எழுதியிருக்கறதப் பார்க்காம அளக்காதீங்க, 10 மீட்டராவும் இருக்கும்.

குறுக்குச் சரிவுன்னு ஒண்ணு இருக்கு. பாதை ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கறது. தண்ணி வடியறதுக்காக 2 சதவீதம் சாய்ப்பாங்க, அது தெரியாது. அதுக்கு மேல போனா வண்டி பள்ளத்துப் பக்கமே இழுத்துட்டுப் போகும், தள்ளறவருக்கு ஒரு மணிக்கட்டு மட்டும் வலிக்கும். வரைபடத்துல இது தெரியாது, போட்டோலதான் பார்க்கணும்.

தரை: இடிச்சுக் கெட்டிப்படுத்தின நுண்சரளை நல்லது. உதிரிச் சரளை ஆகாது. முன்னால இருக்கற சின்னச் சக்கரம் உள்ளே புதைஞ்சு திரும்பிக்கும். அந்த மாதிரி நாலடி வந்தா வண்டியைத் திருப்பிப் பின்பக்கமா இழுத்துட்டுப் போங்க, பெரிய சக்கரம் முன்னால வந்துரும். முன்சக்கரத்துக்குப் பூட்டு இருந்தா நேரா வச்சுப் பூட்டிடுங்க. காத்தடிச்ச பெரிய சக்கரம் மூணு இருக்கற வண்டின்னா வேர்மேட்டையும் ஓரளவு தாண்டும்.

அகலம் 90 செ.மீ. வேணும். நுழைவு எல்லாரும் மறக்கறது. மோட்டார் சைக்கிள் வராம இருக்க வாயில்ல குறுக்கும் நெடுக்குமா கம்பி வச்சிருப்பாங்க, ஆள் மட்டும் ஒருக்களிச்சுப் போகலாம். வண்டியை மடக்கித் தூக்கணும். பக்கத்துலயே பூட்டின பெரிய கதவு இருக்கும், முன்னாடியே போன் பண்ணிக் கேட்டா சில இடத்துல திறந்துவிடுவாங்க.

அம்மாவுக்கு: ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலுக்கு எதிரி. ஒவ்வொரு அடியிலயும் தொடைத் தசை நீண்டுக்கிட்டே எடையைப் பிடிச்சு நிறுத்தணும், மூட்டுல அழுத்தம் கூடும். அதனால சுற்றுத் தடத்தை எந்தப் பக்கம் சுத்தறோம்கறது முக்கியம். செங்குத்தான பக்கமா ஏறி, நீளமா சாயற பக்கமா இறங்கற மாதிரி திசையை எடுங்க. நடைக்கோல் இரண்டு வாங்கினா முழங்கை 90 டிகிரி மடங்கற உயரத்துக்கு வச்சுட்டு, இறக்கத்துல மட்டும் 5-லிருந்து 10 செ.மீ. நீட்டிக்கச் சொல்லுங்க. பெஞ்ச் எங்கெங்க இருக்குன்னு வரைபடத்துல இல்லைன்னா, மடக்கு முக்காலி ஒண்ணு தள்ளுவண்டி அடியிலயே போட்டுடலாம்.

மொட்டைமாடி

எல்லாம் சரி, ஆனா இது ஊருக்குள்ள இருக்கற பூங்காங்க, அடர்வனம் இல்ல. எந்தப் பக்கம் நேரா நடந்தாலும் அரை மணியில ரோடு வந்துரும். இவ்வளவு கணக்கு எதுக்கு? தண்ணி பாட்டிலை எடுத்துட்டுக் கிளம்புங்க.

வழித்துணை

ரோடு வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரோட்டுக்கு முன்னால் வேலி வரும். வேலியோரமாக வாயில் வரை போக வேண்டும், அந்த வாயில் உங்கள் வண்டி நிற்கும் பக்கத்துக்கு நேர் எதிரில் இருக்கும். களைத்த குழந்தையோடு இன்னும் 3 கி.மீ. தார் ரோட்டில் நடப்பது என்பதுதான் 'தொலைந்துபோவது'. நகரப் பூங்காவில் யாரும் காணாமல் போவதில்லை, தப்பான பக்கம் வெளியே வருகிறார்கள்.

நேராக நடப்பதும் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. இந்தப் பூங்காக்களில் பல வேண்டுமென்றே வளைத்துப் போடப்பட்டவை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை 1858-இல் வடிவமைத்த ஓல்ம்ஸ்டெடும் வாக்ஸும் அதற்குள் ராம்பிள் என்று ஒரு மரக்காட்டுப் பகுதி வைத்தார்கள். 40 ஏக்கர்கூட இல்லை, சுற்றிலும் மாநகரம். உள்ளே போனவருக்குத் திசை புரியாது, ஊர் கண்ணில் படக்கூடாது என்பதுதான் அந்த வளைவுகளின் நோக்கமே. அதே பூங்காவின் விளக்குக் கம்பங்களில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் எண்கள் பக்கத்துக் குறுக்குத் தெருவைச் சொல்லும், கடைசி எண் ஒற்றைப்படையென்றால் மேற்குப் பக்கம், இரட்டைப்படையென்றால் கிழக்குப் பக்கம். நீங்கள் போகும் பூங்காவிலும் கம்பம், கல், தடக்குறி எதிலாவது எண் இருக்கிறதா என்று முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அழைத்தால் பூங்காவின் பெயரைச் சொல்வது போதாது. எந்த எண்ணுக்குப் பக்கத்தில், எந்த வாயிலில் நுழைய வேண்டும் என்று சொன்னால்தான் வண்டி வந்து சேரும். ஒருவர் வாயிலுக்குப் போய் நின்று அழைத்துவர வேண்டும்.

போன் மேப்பைப் பற்றி: முதல் நாளே ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள். பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவை எடுத்துக்கொள்ளும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் என்ற இரண்டு செயலிகளிலுமே ஒற்றையடிப் பாதை வரைக்கும் இருக்கும். இருப்பதுதான் சிக்கலும். ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து விழுந்த தடமும் அதில் கோடாகத் தெரியும். பூங்கா வரைபடத்திலும் இருக்கிற கோட்டை மட்டும் நம்புங்கள். அந்தக் குறுக்குத் தடங்கள் பெரும்பாலும் சரிவில் நேர்கீழாக இறங்கும், மழைத்தண்ணீர் அதன் வழியாகவே ஓடி ஓடிப் பள்ளம் பறித்திருக்கும்.

ஜிபிஎஸ் வெட்டவெளியில் 5 மீட்டருக்குள் காட்டும். அடர்ந்த மரத்தடியில் சிக்னல் இலையிலும் தண்டிலும் பட்டுத் தெறித்து வருவதால் 10 மீட்டருக்கு மேலும் தள்ளிக் காட்டும். ஆகவே 8 மீட்டர் இடைவெளியில் இரண்டு பாதை பிரியும் இடத்தில், நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று போனால் சொல்ல முடியாது. 50 அடி நடந்துவிட்டுப் புள்ளி எந்தக் கோட்டோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். போன் காட்டும் நடந்த தூரமும் கொஞ்சம் ஊதியிருக்கும், புள்ளி இங்கும் அங்கும் தாவுவதையெல்லாம் அது நடையாக எண்ணிக்கொள்ளும். '6 கி.மீ. ஆகிவிட்டது, வாயில் வந்திருக்க வேண்டுமே' என்று பதறாதீர்கள்.

வாயில் பலகை வரைபடத்தைப் போட்டோ எடுங்கள், அளவுகோலும் 'நீங்கள் இங்கே' புள்ளியும் விழும்படி. அந்தப் பலகையில் மேல்பக்கம் வடக்காக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பலகையைப் பார்த்து நிற்பவருக்கு எதிரே இருப்பதை மேலே வைத்து வரைவதும் வழக்கம். வடக்கு அம்புக்குறியைத் தேடிப் பார்த்துவிட்டுப் போன் மேப்போடு ஒப்பிடுங்கள்.

பச்சைக்கிளை

மழை, மரம், பூச்சி.

மழை நின்ற மறுநாள் ரோடு காய்ந்திருக்கும், மரத்தடி காய்ந்திருக்காது. வெயிலும் காற்றும் படாத இடத்தில் ஈரம் இன்னும் ஒன்றிரண்டு நாள் நிற்கும். கால் பட்டுப் பட்டுப் பட்டை உரிந்த வேர், பச்சை பிடித்த மரப்பலகை, கல்லில் ஒட்டிய நனைந்த இலை, இந்த மூன்றில்தான் வழுக்கும். வேரின் மேல் மிதிக்காமல் தாண்டி வைக்க வேண்டும். பலகையில் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுதும் பட வைக்க வேண்டும். சேறு கிடந்தால் நடுவிலேயே போங்கள். எல்லோரும் ஓரமாக ஒதுங்கினால் பாதை அகன்று செடி சாகும், அடுத்த மழைக்குச் சேறும் அகலும்.

மின்னல்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடி என்றால் 1 கி.மீ. 30 நொடிக்குள் இடி கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, நடையை நிறுத்த வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி. சுவரில்லாத கூரை மண்டபம் மழைக்குத்தான், மின்னலுக்கு இல்லை. உலோகக் கூரை உள்ள கார், முழுக் கட்டடம் இரண்டும்தான் பாதுகாப்பு. எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தால் உயரமான மரத்தையும் தனி மரத்தையும் விட்டு, ஒரே உயரமாக இருக்கும் தாழ்ந்த மரக்கூட்டத்துக்குப் போங்கள், தண்டில் சாயாமல் நில்லுங்கள்.

உட்கார இடம் தேடும்போது மேலே பாருங்கள். முறிந்து, விழாமல் இன்னொரு கிளையில் மாட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, இலையே இல்லாத கிளை, பட்டை கழன்ற பகுதி இருந்தால் வேறு இடம். கீழேயும் பாருங்கள். தண்டின் அடியில், வேர் தரைக்குள் இறங்கும் மடிப்பில், அடுக்கடுக்காகத் தட்டுப்போல் காளான் வளர்ந்திருந்தால் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேலே இலை பச்சையாகவே இருக்கும், ஏமாறக்கூடாது. காற்றில்தான் கிளை விழும் என்பதும் இல்லை. அசைவே இல்லாத வெப்பமான பிற்பகலில் நன்றாக இருக்கிற பெரிய கிடைக்கிளை திடீரென்று முறிவது உண்டு. விரிப்பை அதற்கு நேர்கீழே விரிக்க வேண்டாம்.

உண்ணி: அது மரத்திலிருந்து குதிப்பதில்லை. பாதையோரப் புல் நுனியிலும் புதர் இலையிலும் முன்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், உரசினால் தொற்றும். பாதை நடுவில் நடந்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். வெளிர் நிற முழுக்கால்சட்டை, அதை சாக்ஸுக்குள் செருகல். பூச்சி விரட்டும் மருந்தில் டீட் 20–30 சதவீதம் அல்லது பிகாரிடின் 20 சதவீதம் உள்ளது, தோலில் வெளியே தெரியும் இடத்தில் மட்டும். குழந்தையின் கையில் பூச வேண்டாம், கை வாய்க்குப் போகும். வெயில் பசை போடுவதானால் அது முதலில், பூச்சி மருந்து மேலே. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி துணிக்குத்தான், தோலுக்கு இல்லை. வீட்டில் பூனை இருந்தால் அந்தத் துணி நன்றாகக் காயும்வரை அண்டவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்புப் பட்டை இறுகும் இடம், தொடையிடுக்கு, முழங்காலின் பின்மடிப்பு என்று பாருங்கள். கடித்துப் பிடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டி, வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் ஒரே சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, சூடு வைப்பது எல்லாம் கூடாது. தேதியைக் குறித்து வைத்து, அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், வெப்பம் அதிகமென்றால் கூடுதல். மரத்தடியில் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே இருட்டும், தலைவிளக்கு அணிக்கு ஒன்று. போன் விளக்கை நம்பினால் மேப்புக்குப் பேட்டரி இருக்காது.

பொன்வண்டு

அனைவருக்கும் நன்றி. நேரத்தைக் காலை 8 மணிக்கு மாற்றிவிட்டோம். அம்மா, வாண்டுகள், தள்ளுவண்டி எல்லாம் இரண்டு பேரோடு 1.8. மற்ற இரண்டு பேர் 6.4-இல் தொடங்கி, சுற்றி வராமல் வடக்கு வாயில் வழியாக வெளியேறலாமா என்று பார்க்கிறார்கள். அங்கே இரண்டாவது காரை முன்கூட்டியே விட்டுவிடலாம். இதில் எதையாவது கவனிக்க வேண்டுமா?

வழித்துணை

வடக்கு வாயில் எல்லா நாளும் திறப்பதா, வண்டிகளுக்கும் திறப்பதா என்று கேளுங்கள், சில வாயில்கள் நடப்பவர்களுக்கு மட்டும். அணிகள் சந்திக்கும் நேரத்தைப் போனை நம்பாமல் முன்பே பேசிவிடுங்கள், பள்ளப் பகுதியில் சிக்னல் இருக்காது. 'இத்தனை மணிக்கு வராவிட்டால் இந்த வாயில் காவலரிடம் சொல்வோம்' என்பதும் அதில் சேரட்டும்.

காலை என்பதால் பனி ஈரம் இருக்கும், பச்சைக்கிளை சொன்ன பலகைகளில் முதல் ஒரு மணி நேரம் கவனம்.

சரளைக்கல்

வடக்கு வாயில்ல நிக்கற காரோட சாவி நடக்கறவர் பாக்கெட்ல இருக்கணும். அதை விட்டுட்டுத் திரும்பி வரும்போது முதல் கார்லயே வச்சுட்டு இறங்கறதுதான் வழக்கமா நடக்கறது. தண்ணியும் மாத்து சாக்ஸும் அந்தக் கார்ல ஒரு செட் போட்டு வைங்க.